கல்லூரி மாணவர்களின் முழுநலம்: நிறுவனங்களுக்கான படிப்படியான வழிகாட்டி

மாணவர் நலம் என்ற பேச்சு எழும்போது, பெரும்பாலான கல்லூரிகளில் அது ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வு முகாம், ஒரு சிறப்புச் சொற்பொழிவு, தாழ்வாரத்தில் சில சுவரொட்டிகள் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அதே கல்லூரியில் ஒரே வாரத்தில் நான்கு பாடங்களுக்கு ஒப்படைப்புகள் கேட்கப்படும். ஆய்வகம் முடிந்து மாணவர்கள் வருவதற்குள் உணவகம் மூடப்பட்டிருக்கும். ஆலோசகரைப் பார்க்க வேண்டுமானால் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டியிருக்கும். மாணவரின் உடலையும் மனத்தையும் நாள்தோறும் பாதிப்பவை இவைதாம். ஆகவே இந்த வழிகாட்டி இவற்றைச் சீர்செய்வதிலிருந்து தொடங்குகிறது. நல்ல பழக்கங்களைப் பற்றிய அறிவுரைக்கும் இதில் இடமுண்டு; ஆனால் அப்பழக்கங்களைக் கடைப்பிடிக்க நேரமும் இடமும் தருகிற கல்லூரி நாள் முதலில் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல்வர், தேர்வுப் பொறுப்பாளர், வகுப்பு ஆசிரியர், விடுதிக் காப்பாளர், மாணவர் பேரவைப் பொறுப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1948-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம், நலம் என்பது நோயில்லாதிருப்பது மட்டுமன்று, உடலாலும் மனத்தாலும் சமூக உறவுகளாலும் முழுமையாக நன்றாயிருக்கும் நிலை என்று வரையறுத்தது. 2015-இல் கனடாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் உருவான ஒக்கனாகன் சாசனம், உயர்கல்வி நிறுவனங்கள் தம் நிர்வாகம், பாடத்திட்டம், அன்றாடச் செயல்பாடு ஆகிய அனைத்திலும் நலத்தை உள்ளிணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கல்லூரி வயது இவ்வளவு கவனத்தைக் கோருவதற்கு வலுவான காரணம் உண்டு. வாழ்நாளில் தோன்றும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 8 நாடுகளைச் சேர்ந்த 19 கல்லூரிகளின் முதலாமாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் கேள்விப்பட்டியல் வழியாக நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறின் அறிகுறிகள் இருந்தவர்கள் 31 விழுக்காட்டினர். ஒரு வகுப்பறையில் அறுபது பேர் அமர்ந்திருந்தால், அவர்களில் பதினைந்து இருபது பேர் ஏதோ ஒரு சுமையோடுதான் அமர்ந்திருக்கக்கூடும் என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வது மிகையாகாது.

முதல் படி: அதிகாரமுள்ள சிறு குழுவை அமைத்து, மாணவர்களிடம் கேளுங்கள்

நலக் குழு என்ற பெயரில் ஆர்வமுள்ள இளம் ஆசிரியர்கள் சிலரை மட்டும் நியமித்தால், அவர்களால் நிகழ்ச்சிகளைத்தான் நடத்த முடியும். எதையும் மாற்ற முடியாது. கால அட்டவணையை வரைபவர், தேர்வுப் பொறுப்பாளர், விடுதிக் காப்பாளர், உணவகப் பொறுப்பாளர், உடற்கல்வி ஆசிரியர், ஆலோசகர் ஆகியோர் அக்குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதிகளில் விடுதியில் தங்குபவர், தொலைவிலிருந்து நாள்தோறும் வந்து செல்பவர், உடற்குறையுள்ளவர், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் என வெவ்வேறு நிலையினர் இடம்பெற வேண்டும். கூட்டத்தில் துணிவாகப் பேசும் மாணவத் தலைவர்கள் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள். அவர்களை மட்டும் கேட்டு முடிவெடுத்தால், சிரமப்படுபவர்களின் நிலை குழுவின் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்து, பெயர் குறிப்பிடாத ஒரு கணக்கெடுப்பை நடத்துங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்றுப் பட்டியல் இதற்கு மிகவும் ஏற்றது. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக, அமைதியாக, சுறுசுறுப்பாக உணர்ந்தது எவ்வளவு, உறங்கியெழும்போது புத்துணர்வு இருந்ததா, அன்றாட வாழ்வில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா என்பனவற்றையே அது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தத்தை 4-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். 50-க்கும் கீழே இருந்தால் நலம் குன்றியிருக்கிறது என்று கொண்டு மேலும் விசாரிக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, உயிரை விடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்று ஒருவர் பதில் எழுதினால், அன்றே அவரை அணுக ஆள் இருக்க வேண்டும். பெயரில்லாத கணக்கெடுப்பில் அது இயலாது என்பதால், அந்தப் பட்டியலை ஆலோசகரின் அறையில் பயன்படுத்துவதே முறை.

எண்களோடு நின்றுவிடாமல், குழு உறுப்பினர்களில் இருவர் ஒரு மாணவரின் ஒருநாளை, அவருடைய சம்மதத்தோடு, காலையில் எழுவது முதல் இரவு உறங்கச் செல்வது வரை நிமிடக் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். விடுதி மாணவர் ஒருவர், வந்து செல்லும் மாணவர் ஒருவர் என இரண்டு நாள்களை எழுதிப் பார்த்தாலே, எங்கே சாப்பிட நேரமில்லை, எங்கே கழிப்பறை இல்லை, எங்கே உட்கார இடமில்லை என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: தேர்வு நாள்காட்டியையும் கால அட்டவணையையும் திருத்துங்கள்

இந்தப் படியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கல்லூரிகள் மிக எளிதில் தவிர்த்துவிடுவதும் இதையே. ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்துக்கு நியாயமான அளவிலேயே வேலை கொடுக்கிறார். அந்த நியாயமான வேலைகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவிவது எந்த ஆசிரியரின் பார்வையிலும் படுவதில்லை. மாணவர் ஒருவரே அதைச் சுமக்கிறார். ஆகவே பருவம் தொடங்குவதற்கு முன்பே, ஒரே வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் தம் உள்தேர்வுகள், ஒப்படைப்புகள், ஆய்வகப் பதிவேடுகள், கருத்தரங்க உரைகள் ஆகியவற்றின் நாள்களை ஒரே தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும். எந்த வாரத்திலும் இரண்டு பெரிய மதிப்பீடுகளுக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு வைத்து, மிகுதியானவற்றை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். இவ்வாறு திருத்தப்பட்ட தாள் பருவத்தின் முதல் நாளிலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். எப்போது என்ன வரும் என்று தெரியாத நிலைதான் வேலையின் அளவைவிட அதிகமாக மனத்தை அலைக்கழிக்கிறது.

ஒப்படைப்பின் கடைசி நேரத்தை நள்ளிரவு 11.59 என்று வைக்கும் வழக்கம் இணையவழிச் சமர்ப்பிப்போடு வந்து சேர்ந்தது. மாணவர் அந்த நேரம் வரை விழித்திருப்பார் என்பதை மறைமுகமாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. மாலை 5 அல்லது 6 மணி என்று மாற்றினால் ஒரு பைசா செலவில்லாமல் பல நூறு பேரின் ஓர் இரவு உறக்கம் மீளும். அதுபோலவே, தேர்வு முடிவுகளை வார இறுதி மாலையில், அலுவலகமும் ஆலோசனை அறையும் பூட்டியிருக்கும் நேரத்தில் வெளியிடாதீர்கள். வார நாளின் முற்பகலில் வெளியிட்டு, மறுமதிப்பீடு, மறுதேர்வு, ஆலோசனை ஆகியவற்றுக்கு யாரை எங்கே அணுகலாம் என்பதை முடிவுக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

ஒரே பெரிய தேர்வில் எல்லாவற்றையும் அளப்பதைவிட, குறைந்த மதிப்பெண்ணுக்கான சிறு தேர்வுகளைப் பருவம் முழுவதும் பரப்பி வைப்பது கற்றலுக்கும் நல்லது. படித்ததை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, நினைவிலிருந்து வெளிக்கொணரும் பயிற்சியே நாள்பட நிலைக்கிறது என்பதை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இரு உளவியலாளர்களின் சோதனைகள் தெளிவாகக் காட்டின. இதனால் கடைசி வாரத்தின் பதற்றமும் குறைகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சிறு தேர்வுகளைச் சேர்த்துவிட்டுப் பெரிய தேர்வின் பளுவைக் குறைக்காமல் விட்டால், சுமை இரட்டிப்பாகும்.

கால நீட்டிப்பு கேட்பதற்கு மாணவர் தம் துயரத்தை ஆசிரியரின் மேசை முன் விவரிக்க வேண்டியிருப்பது கொடுமையானது. தாயின் நோயையோ தம் மனச்சோர்வையோ சொல்ல விரும்பாதவர், கேட்காமலே விட்டுவிடுவார். ஒவ்வொரு மாணவருக்கும் பருவத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, காரணம் சொல்லாமலே 48 மணி நேர நீட்டிப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையை விதியாகவே எழுதிவையுங்கள். வருகைப் பதிவில் மருத்துவ விடுப்பு என்பது மனநலச் சிகிச்சையையும் உள்ளடக்கும் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, நண்பகல் இடைவேளை. வரிசையில் நின்று, உணவு வாங்கி, அமர்ந்து உண்டு, கை கழுவித் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கும் குறைவான இடைவேளை தரப்பட்டிருந்தால், அட்டவணையில்தான் பிழை இருக்கிறது.

மூன்றாம் படி: உறக்கத்தைக் காப்பாற்றுங்கள்

18 முதல் 25 வயதினருக்கு இரவில் 7 முதல் 9 மணி நேர உறக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த வயதினர் தாமதமாக உறங்கித் தாமதமாக எழுவதைச் சோம்பல் என்று பழிப்பது தவறு. பருவ வயதில் உடலின் உள்கடிகாரம் தாமதமான நேரத்தை நோக்கி நகர்கிறது. இருபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகே அது மெல்லப் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. எனவே விடியற்காலைச் சிறப்பு வகுப்பு, பலருக்கு உறக்கத்தின் கடைசிப் பகுதியை வெட்டியெடுப்பதாகவே அமைகிறது. அன்று படித்ததை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தின்போதுதான் என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருப்பவர் படித்ததில் ஒரு பகுதியைத் தானே இழக்கிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு கண்டது. இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் இருசக்கர வாகனத்தில் தேர்வுக்கு விரைபவருக்கு இந்த ஒரு செய்தியையாவது சொல்லியாக வேண்டும்.

விடுதியில் அமைதி நேரத்தை மாணவர்களே கூடி முடிவு செய்து, அதை அவர்களே நிலைநாட்டும்படி விடுங்கள். காப்பாளர் கதவைத் தட்டி விளக்கை அணைக்கச் சொல்வது சிறு பிள்ளைகளுக்கானது; அது பகையை வளர்க்கும். ஆனால் இரவு நேர வழக்கமான கூட்டங்கள், ஒத்திகைகள், துறை அறிவிப்புகள் ஆகியவற்றுக்குக் கல்லூரி வரம்பு விதிக்கலாம். இரவு பதினொரு மணிக்கு வகுப்பின் கைபேசிக் குழுவில் ஆசிரியர் அனுப்பும் செய்தி, மறுநாள் காலையில் வந்தாலும் போதுமானதாகவே இருக்கும்.

மாணவருக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. விடுமுறை நாளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுவது, காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருப்பது, பகலுறக்கத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்துவது, பிற்பகலுக்குப் பின் காபியையும் ஊக்கப் பானங்களையும் தவிர்ப்பது ஆகியவை பெரும்பாலோருக்குப் பயன் தரும். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகிறது. மாலை ஆறு மணிக் காபி நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதமாக உறக்கம் வராமல் தவிப்பவருக்கு இந்த அறிவுரைகள் போதா. அவருக்கு மருத்துவரின் உதவி வேண்டும். உறக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும், உறக்கமின்மைக்கென்றே உருவாக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் முதல் நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகிறது, மாத்திரை பிறகுதான்.

நான்காம் படி: உணவு, உடலியக்கம், அடிப்படை உடற்பராமரிப்பு

இவற்றைப் பற்றிய அறிவு மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வசதிதான் இல்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளும், 5 கிராமுக்குக் குறைவான உப்பும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கல்லூரி உணவகத்தில் மிக மலிவாகக் கிடைப்பது எண்ணெயில் பொரித்த தின்பண்டமும் இனிப்புப் பானமும் மட்டுமே என்றால், ஊட்டச்சத்துச் சொற்பொழிவால் பயனில்லை. பழமும் முழு உணவும் அவற்றைவிட விலை குறைவாகவும், கடைசி வகுப்பு முடியும் வரையிலும் கிடைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எடைக்குறைப்புப் போட்டிகளை நடத்தாதீர்கள். உணவுக் கோளாறுகள் தலைதூக்கும் வயது இது. தொடர்ந்து சோர்வாகவும் மூச்சிரைப்போடும் இருக்கும் மாணவியருக்கு இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அது இரத்தச்சோகை.

கழிப்பறையைப் பற்றி எந்த நலத் திட்டமும் பேசுவதில்லை. தூய்மையான, தாழிடக்கூடிய, தண்ணீர் வருகிற கழிப்பறை இல்லாத வளாகத்தில் மாணவியர் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் அதன் விளைவுகள். மாதவிடாய்க் காலத்துக்கான நாப்கினும் அதை அப்புறப்படுத்தும் தொட்டியும் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். சிறிய செலவில் இவ்வளவு பெரிய பயன் தரும் வேறு பணியை நான் அறியேன்.

உடலியக்கத்துக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவனப் பரிந்துரை. விளையாட்டுத் திடல் கல்லூரி அணிகளுக்கே உரியதாக இருந்தால், மற்ற அனைவரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். வாரத்தில் சில மாலைகளை, ஆடத் தெரியாதவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். மாணவியர் தயக்கமின்றி வரக்கூடிய நேரமும், சக்கர நாற்காலியில் வருபவர் பங்கேற்கக்கூடிய ஏற்பாடும் இருக்கட்டும். சேர்க்கையின்போதே தடுப்பூசி விவரங்களைச் சரிபார்த்து, விடுபட்டவற்றை வளாகத்திலேயே போட ஏற்பாடு செய்யலாம்.

மது, போதைப்பொருள் விஷயத்தில் ஒரே ஒரு விதியை வலியுறுத்துவேன். மயங்கி விழுந்த நண்பருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும், அந்த நண்பர் மீதும், அந்த அழைப்பைக் காரணமாக வைத்து ஒழுங்கு நடவடிக்கை இராது என்று எழுத்தில் அறிவியுங்கள். தண்டனைக்கு அஞ்சித் தாமதிக்கும் நிமிடங்களில்தான் உயிர்கள் போகின்றன.

ஐந்தாம் படி: முதல் வாரங்களிலேயே சேர்ந்திருக்கும் உணர்வை உருவாக்குங்கள்

வீட்டை விட்டு வந்தவர், பள்ளியில் வேறு மொழியில் படித்தவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் ஆகியோருக்கு முதல் சில வாரங்கள் மிகக் கடினமானவை. பெரிய அரங்கில் நடக்கும் வரவேற்பு விழா அவர்களுக்கு உதவாது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற மூத்த மாணவர் ஒருவரையும் ஆசிரியர் ஒருவரையும் இணைத்து, வாரம் ஒருமுறை ஏதேனும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய வையுங்கள். நூலகத்தில் நூல் தேடுவது, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது போன்ற பயனுள்ள வேலையாக அது இருந்தால், கூச்ச சுபாவம் உள்ளவரும் பேசத் தொடங்குவார்.

பகடிவதைக்கும் பாலியல் சீண்டலுக்கும் சாதி, மதம், நிறம், மொழி சார்ந்த இழிவுக்கும் எதிரான புகார் முறை, இதே வாரங்களில் எல்லோருக்கும் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். இழிவுபடுத்தப்படும் மாணவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பது அநீதி. இழிவுபடுத்துவதை நிறுத்துவதுதான் அவருக்கான நலப்பணி. பணத்தட்டுப்பாட்டுக்கும் இதே நேர்மை பொருந்தும். கட்டணம் கட்டாதவர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நிறுத்துங்கள். சிறிய அவசர நிதி ஒன்றை ஏற்படுத்தி, அதை விரைவாகவும் கமுக்கமாகவும் வழங்குங்கள்.

ஆறாம் படி: கவனிக்கவும் பேசவும் பழக்குங்கள்

தொல்லையில் இருக்கும் மாணவர் ஆலோசகரிடம் நேரே செல்வது அரிது. அவருடைய மாற்றத்தை முதலில் காண்பவர்கள் அறைத்தோழர், வகுப்பு ஆசிரியர், நூலக உதவியாளர், உணவகப் பணியாளர், விடுதிக் காவலாளி ஆகியோரே. எனவே பயிற்சி இவர்கள் அனைவருக்கும் வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட மனநல முதலுதவிப் பயிற்சி, இத்தகைய பொதுமக்களுக்கென்றே உருவானது. நோயைக் கண்டறிவது அவர்கள் வேலையாகாது. கவனித்து, கேட்டு, தகுந்தவரிடம் கொண்டு சேர்ப்பதே அவர்கள் செய்ய வேண்டியது.

எதைக் கவனிப்பது? ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், அவருடைய முந்தைய இயல்போடு ஒப்பிடுங்கள். இயல்பாகவே அமைதியானவர் அமைதியாயிருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எப்போதும் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்பவர் இரண்டு வாரமாகக் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தால் அது கவனிக்கத் தக்கது. வகுப்புக்கு வராமை, எழுத்தின் தரம் திடீரெனச் சரிதல், குளிக்காமலும் உடை மாற்றாமலும் இருத்தல், எடை விரைவாகக் குறைதல், எதற்கெடுத்தாலும் சினம், நெருங்கிய நண்பர்களிடமிருந்து விலகல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பேசுங்கள். தமக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பிரியாவிடை போன்ற செய்திகளை அனுப்புவது, தாம் எல்லோருக்கும் பாரம் என்று சொல்வது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள்.

பேசும் முறையில்தான் பலரும் தயங்குகிறார்கள். பிறர் காதில் விழாத இடத்தில், அவசரமில்லாத நேரத்தில் அழைத்து, நீங்கள் கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள்: “ரெண்டு வாரமா நீ வகுப்புக்கு வரலை, வந்தாலும் முகம் வாடியே இருக்கு. திட்டறதுக்காகக் கூப்பிடலை, எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்கணும்னுதான்.” பிறகு பொறுத்திருங்கள். ஒன்றுமில்லை என்ற முதல் பதிலுக்குப் பின் வரும் மௌனத்தை நீங்கள் அறிவுரையால் நிரப்பாமல் இருந்தால், பெரும்பாலும் உண்மை மெல்ல வெளிவரும். “இதெல்லாம் ஒரு பிரச்சினையா”, “உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்” போன்ற சொற்கள் அவரை மீண்டும் வாய்மூடச் செய்யும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்களிக்காதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவிக்கு இன்னொருத்தரைக் கூப்பிடுவேன், மத்தபடி இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐயம் எழுந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மாறாக, யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு ஆறுதலாகிறது. ஆம் என்று அவர் சொன்னால், எப்படி, எப்போது என்று திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா என்பதைக் கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அவர் எண்ணியிருக்கும் வழிமுறைக்கான பொருளை அவரிடமிருந்து அகற்றுங்கள். ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ உடன் செல்லுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது. 2021-ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 15 முதல் 29 வயதினரின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை ஒவ்வோர் ஆசிரியரும் பெற வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

மறுநாளும் அடுத்த வாரமும் அவரைத் தேடிச் சென்று நலம் விசாரியுங்கள்.

ஏழாம் படி: ஆலோசனை அறையைத் தடையின்றி அணுகும்படி அமையுங்கள்

முதல்வர் அறைக்கு எதிரே, கண்ணாடிக் கதவோடு, பெரிய பெயர்ப்பலகையோடு ஆலோசனை அறையை வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வேறு பல அலுவல்களும் நடக்கும் கட்டடத்தில், ஒலி வெளியே கேட்காத அறை போதும். மாணவர் தாமே நேரம் பதிவு செய்துகொள்ளும் வசதியும், வகுப்பு நேரத்துக்குப் பின் சில மாலைகளும், ஆண், பெண் ஆலோசகர்களில் விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். எது யாரிடமும் சொல்லப்படாது, எந்த நிலையில் மட்டும் சொல்லப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஆலோசகரை ஒருபோதும் அமர்த்தாதீர்கள். அந்த ஒரு நியமனத்தால் அவர் மீதான நம்பிக்கை முழுவதும் அழிந்துவிடும்.

ஆலோசகரின் எண்ணிக்கை எப்போதும் தேவையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், உதவியைப் படிநிலைகளாகப் பிரிப்பது அவசியம். தேர்வு பயம், வீட்டு ஏக்கம், அறைத்தோழரோடு பிணக்கு போன்றவற்றுக்குச் சிறு குழு அமர்வுகளும் பயிற்சி பெற்ற சக மாணவர்களும் உதவலாம். மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆலோசகரின் தொடர் சந்திப்புகள் வேண்டும். கடுமையான நிலைக்கு மனநல மருத்துவர் வேண்டும். அதற்காக அருகிலுள்ள மருத்துவமனையோடு முன்கூட்டியே எழுத்துபூர்வமான ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஓரிரு குறுகிய நேரங்களை அன்றே வருபவர்களுக்காகக் காலியாக வையுங்கள்; மூன்று வாரம் கழித்து வா என்று கேட்டுத் திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

சக மாணவத் துணைவர்களைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய வரம்பைத் தெளிவாக்குங்கள். கேட்பதும் அழைத்துச் செல்வதும் அவர்கள் பணி. நள்ளிரவில் தனியாக ஒருவரின் உயிரைக் காக்கும் பொறுப்பை இருபது வயதினர் மீது சுமத்தக் கூடாது.

எட்டாம் படி: நெருக்கடிக்கான திட்டத்தை எழுதி வையுங்கள்

இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவர் ஆபத்தில் இருந்தால் முதலில் யார் அழைக்கப்படுவார், வாகனம் எங்கிருந்து வரும், எந்த மருத்துவமனை, குடும்பத்துக்கு யார் தெரிவிப்பார், அறைத்தோழரை யார் பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். துயரம் நேர்ந்துவிட்டால், இறந்த விதத்தையோ இடத்தையோ விவரிக்காமல், ஒரே காரணத்தைச் சுட்டாமல், செய்தியைச் சிறு குழுக்களில் நேரில் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர்களையும், முன்பே சிரமத்தில் இருந்தவர்களையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். அடுத்த சில வாரங்கள் அவர்களுக்கு ஆபத்தானவை. சிகிச்சைக்குப் பின் படிப்புக்குத் திரும்புபவருக்குக் குறைந்த பாடச்சுமையோடு தொடங்கும் வழியும், தவறிய தேர்வுகளை எழுதும் வழியும் அவர் வருவதற்கு முன்பே ஆயத்தமாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: அளந்து பார்த்து, பொறுப்பைக் கைமாற்றுங்கள்

நடத்திய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை எதையும் காட்டாது. ஐந்து கூற்றுக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் பருவத்தின் அதே வாரத்தில் நடத்தி, துறைவாரியாக ஒப்பிடுங்கள். தேர்வு வாரத்தில் எடுத்த எண்ணைப் பருவத் தொடக்க எண்ணோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டியுள்ளது, எத்தனை பேர் படிப்பை இடையில் நிறுத்தினர், நீட்டிப்பு உரிமையை எத்தனை பேர் பயன்படுத்தினர் என்பவற்றையும் குறித்து வாருங்கள். தொடக்கத்தில் ஆலோசனை அறைக்கு வருபவர்கள் பெருகினால் அஞ்ச வேண்டாம். முன்பு மறைந்திருந்த துன்பம் இப்போது உதவியைத் தேடி வருகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கணக்கெடுப்பின் முடிவையும், அதனால் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்பதையும் மாணவர்களிடம் திரும்பச் சொல்லாவிட்டால், அடுத்த ஆண்டு அவர்கள் உண்மையாகப் பதில் எழுதமாட்டார்கள்.

இந்தப் பணியைத் தாங்கும் ஆசிரியர்களும் காப்பாளர்களும் களைத்துப் போவதுண்டு. கடினமான ஓர் இரவைக் கடந்த காப்பாளருக்கு மறுநாள் ஓய்வும், ஆலோசகரோடு பேசும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியருக்குக் கற்பித்தல் பளுவில் அதற்கான குறைப்பு வேண்டும்.

காப்பாளரோ ஆலோசகரோ குழுவின் மாணவ உறுப்பினரோ மாறும்போது, நெருக்கடித் திட்டத்தின் பக்கத்தைப் புதியவரோடு அமர்ந்து வரிவரியாகப் படியுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் ஒருமுறை பகலிலும் ஒருமுறை நள்ளிரவுக்குப் பிறகும் அழைத்துப் பாருங்கள். எடுக்கப்படாத எண்ணை அன்றே நீக்கி, எடுப்பவரின் எண்ணை எழுதிய புதிய பக்கத்தை விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டுங்கள்.